ஒரு பிளக் பொயின்ற்

உதயநகரில் எங்கள் போர்டிக்கோவில்
பிளக் பொயின்ற் ஒன்றுதான்.
வண்டி இரண்டு.

வெள்ளை என்னுடையது. முழுக்கக் கரண்டு.
பன்னிரண்டு கோட்டில் எட்டுத்தான் மிச்சமென்று
தெரிந்தே வாங்கினேன்.
விசுவமடு போய்வரும்.
முல்லைத்தீவு போகும், வராது.

சாம்பல் நிறம் தயாளினியுடையது.
இரண்டு வாயுள்ள சாமான்:
கரண்டும் குடிக்கும், பெற்றோலும் குடிக்கும்.
ஆனால் அவள் குடிக்க விட்டால்தானே!
தருமபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரக்
கரண்டு மட்டுமட்டாய்க் காணும்.
பங்குனியில் அடித்த பெற்றோல்
கார்த்திகையிலும் தாங்கியில் கிடக்கிறது.
சங்கக்கடைச் சிட்டையைப்போல
அதை அவள் எல்லோருக்கும் சொல்லிக் காட்டுவாள்.

என் வண்டி திறப்புத் திருப்பியதும்
யப்பான் பாசையில் ஏதோ சொல்லும்.
மூன்று வருசம் அதை ஆசீர்வாதமென்று நம்பி
வட்டக்கச்சிக்குப் பம்பு திருத்தப் போனேன்.
மிதுஷாதான் போனைப் பிடித்துக் கேட்டுச் சொன்னாள்:
"அட்டை செருகப்படவில்லையாம், அப்பா."

இரவில் சண்டை வயரில்தான்.
பத்து மணிக்கு நான் கொழுவினால்
பன்னிரண்டுக்கு அவள் எழும்பிக் கழற்றுவாள்.
பேசாமல் இருந்த ஒரு கிழமை முழுக்க
அந்த 'டொக்' ஒன்றுதான் எங்களுக்குள் கதை.
பக்கத்து வளவு யேசுரட்ணம்
"உதுகள் ரண்டும் உங்களைப்போலத்தான்" என்றார்.
இல்லை அண்ணை.
உதுகள் ஒன்றையொன்று குறை சொல்லாது.

பிறகு அந்த மழை.
ஏழு மணிக்குக் கரண்டு போனது.
கூரையில் பதினாறு சோலார்த் தகடும்
கழுவி வைத்த கோப்பைகள்போலச் சும்மா கிடந்தன.
என்னுடையதில் பதினொரு வீதம்.
அவளுடையதில் ஒன்றுமில்லை.
பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது:
தங்கச்சிக்கு வலி, முல்லைத்தீவில்.

"நான் ஓடுறன்" என்றேன்.
"நாளைக்குப் பிள்ளைக்குச் சோதினை.
நீங்கள் நில்லுங்கோ."
குடையை எறிந்துவிட்டு ஏறினாள்.

எட்டு மாதம் உறங்கிய இயந்திரம்
ஒருக்கால் செருமியது.
இன்னொருக்கால்.
பிறகு எழும்பி உறுமியது.
ஒழுங்கையில் படுத்திருந்த நாய்கள்
முதன்முறையாக அந்த வண்டிக்கு வழிவிட்டன.

புகை மட்டும் போர்டிக்கோவில் நின்றது.
அந்த மணம் எனக்குத் தெரியும்.
எட்டு வயதில், பின்சீற்றில்.
சொட்டுப் பெற்றோல் காட்டி எழுப்பி
மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம்.
அன்றைக்கு இந்த ஊரில் ஓடிய
மோட்டார்சைக்கிள் எல்லாமே ஹைபிரிட்தான்.
பெயர்தான் எங்களுக்குத் தெரியாது.

நித்திரை வரவில்லை.
வெள்ளைக்குள் போயிருந்து போனைச் சார்ஜில் போட்டேன்.
அட்டை செருகப்படவில்லை என்றது.
ஓமோம் என்றேன்.
பரந்தன் தாண்டியிருப்பாள்.
புதுக்குடியிருப்புக்கு இங்கால்
யானை வரக்கூடாது, பாலத்துக்கு மேலால்
வெள்ளம் வரக்கூடாது.
பதினொன்று பத்தானது. ஒன்பதானது.

மூன்றே முக்காலுக்குக் கரண்டு வந்தது.
வயரை எடுத்து,
அவளுடைய வெறும் இடத்தை ஒருதரம் பார்த்து,
என்னுடையதில் கொழுவிவிட்டுப் படுத்தேன்.
வேறென்ன செய்ய? வண்டி இங்கே இல்லையே.

விடியச் சத்தத்தோடு வந்தாள்.
நான் நித்திரைபோலக் கிடந்தேன்.
சேறு ஒட்டிய செருப்பு வாசலில் விழுந்தது.
"பெடியன். ரண்டு கிலோ தொளாயிரம்.
பெற்றோல் முடிஞ்சுது."

பிறகு போர்டிக்கோவில்
'டொக்.'
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொரு 'டொக்.'

"நீங்கள் இண்டைக்கு பஸ்ஸில போங்கோ."